தடைக்கால வெயில்

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். "அக்கா, இது தடைக்கால வெயில். இதை நம்பி வருஷத்துக்கு வாக்குக் கொடுக்காதீங்க." உங்கள் ஐஸ் கம்பெனியின் அலுவலக அறையில், படகுக்காரர்களுக்கு நடுவில், பாதி கடித்த மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியது முழுசாக வாய்க்குள் இருந்தது. மக்ரூனோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டேன்.

இன்று காலை கல்லூரிக்குப் போகும் வழியில் துறைமுகச் சாலைத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டேன். காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய நீள லாரி திரும்ப முடியாமல் நின்றது. எனக்கு முன்னால் ஒரு ஐஸ் வண்டி. அதன் பின்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த சாக்கின் வாசனை வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே, "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

இதே திருப்பத்தில்தான் ஒருநாள் உங்கள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றும் கயத்தாற்றுக் காற்றாலைக்குப் போகும் ஒரு இறக்கை வழியை மறித்துக் கிடந்தது. நமக்குப் பின்னால் நின்றது உங்கள் சொந்த ஐஸ் வண்டி. நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "பாத்தியாளா, கயத்தாத்துக்குக் காத்து போய்ச் சேருததுக்குள்ள என் ஐஸ் தண்ணியாப் போயிரும் போல. எதிர்கால மின்சாரம் வாரதுக்குள்ள நிகழ்கால ஐஸ் உருகுது." பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்தார். நீங்கள் அவரிடமும் கேட்டீர்கள்: "அண்ணாச்சி, டீசல் ஆட்டோவா, கேஸா? எது கட்டுபடியாகுது?" வழி திறக்கும் வரை அவரோடும் விவாதம். எங்கே போனாலும் உங்களுக்கு ஒரு கட்சி வேண்டும், எதிரே ஒரு ஆள் வேண்டும்.

உடன்குடியிலிருந்து வேலைக்கு வந்து உங்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியேறியபோது, நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள் என்று தெரிந்ததும் உங்கள் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அறையைச் சாத்திக்கொண்டு படிப்பதற்காகவே தனி வீடு தேடியவள். நீங்கள் சாயங்காலமானால் குசினியிலிருந்து இரண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்துவிடுவீர்கள். என் ஊர்க் கருப்பட்டிதான். "இதுவும் விலை ஏறிட்டு. உங்க ஊர்க்காரங்களக் கொஞ்சம் கேளு" என்றுதான் பேச்சு தொடங்கும்.

விலைவாசி ஏன் ஏறுகிறது என்பதில் உங்கள் கட்சி உறுதியானது. எல்லாம் எரிபொருளில் தொடங்குகிறது, கைமாறிக் கைமாறி வருகிறது. "டீசல் ஏறினா படகுக்காரன் மீன்ல ஏத்துதான். கரண்டு ஏறினா நான் ஐஸ்ல ஏத்துதேன். ஒவ்வொருத்தனும் தனக்கு வந்ததவிட ஒரு சொட்டு கூடச் சேத்துத்தான் அடுத்தவனுக்கு ஊத்துதான். அந்தச் சொட்டுதாம்ளா உன் பாடப் புத்தகம்."

நான் விடமாட்டேன். ரூபாயின் மதிப்பு, மழை பொய்த்த வருஷம், அளவுக்கு மேல் புழங்கும் பணம் என்று அடுக்குவேன். கடைசியில், "விலை ஏறும்னு எல்லாரும் நம்புறதே ஒரு காரணம்தான் அக்கா. நாளைக்கு ஏறும்னு நெனச்சு இன்னைக்கே ஏத்துவாங்க" என்றேன் ஒருமுறை.

"அப்ப ஒருத்தி ஏறாதுன்னு நம்பினா?"

"ஒருத்தி நம்பினா போதாதுக்கா."

"எத்தன பேரு நம்பணும்? சொல்லு, நான் கூட்டிட்டு வாரேன்."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மாடியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். காற்று திசை மாறும் நாட்களில் கொடியில் காயும் துணியில் கரி படியும். "கப்பல்ல வார கரியில எரியுத கரண்டு. எங்கேயோ ஒரு நாட்டுல சண்டை வந்தா இங்க என் ஐஸ் விலை ஏறணும். வெயிலுக்கு அப்படி எவனாலயும் விலை ஏத்த முடியாதுல்லா?" என்பீர்கள். "வெயிலுக்கு விலை இல்லதான். ஆனா அதைப் பிடிக்கிற கண்ணாடியும் கப்பல்லதான அக்கா வருது?" என்பேன். "ஒருதடவ வந்தா போதும்லா. கரி தினம் வரணும்." அந்த வாதத்தில் உங்களுக்குத்தான் வெற்றி.

பேச்சோடு நிற்கிறவர் இல்லை நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு, ஐஸ் கம்பெனியைப் பெண்பிள்ளை நடத்த முடியாது என்று சொன்னவர்கள் வாயாலேயே முதலாளியம்மா என்று கூப்பிட வைத்தவர். பூர்வீக உப்பளத்தில் உங்களுக்கு இருந்த பங்கை விற்றுக் கம்பெனிக் கூரை முழுவதும் சோலார் பேனல் போட்டீர்கள். "வெயில வித்து வெயில வாங்கிட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். உங்கள் திட்டம் எளியது. பகல் வெயிலில் கம்ப்ரஸர் ஓடும், தொட்டியில் உப்புத் தண்ணீர் குளிரும், அதில் இறங்கியிருக்கும் தகர டப்பாக்களில் ஐஸ் உறையும். பேட்டரி வேண்டாம். "ஐஸ்தான் என் பேட்டரி." அழகான யோசனை. இப்போதும் வகுப்பில் அதைச் சொல்கிறேன், யாருடையது என்று சொல்லாமல்.

பேனல்கள் தடைக்காலத்தில் பொருத்தப்பட்டன. மீன்கள் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்தச் சித்திரை, வைகாசி மாதங்களில்தான் ஐஸ் கம்பெனிக்கும் ஓய்வு. பழுது பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் புதிதாக எதையும் பொருத்துவதும் அப்போதுதான். உங்களுக்கு நேரம் இருந்தது. சாயங்காலந்தோறும் மீட்டர் முன்னால் நின்று அன்றைய யூனிட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோல் என்னிடம் வந்து சொல்வீர்கள்.

தடைக்காலம் முடியும் முன் உங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைப் படகுக்காரர்கள் எல்லோரும் வந்து டீ குடிப்பார்கள். அந்தப் பருவத்துக்கு ஒரு ஐஸ் பார் என்ன விலை என்று பேசி முடிப்பீர்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. ஆனால் பேசிய விலை அடுத்த தடைக்காலம் வரை மாறாது. மற்ற கம்பெனிகள் தினம் ஒரு விலை சொன்னாலும் உங்கள் வாசலில் ஒரே விலை. அதற்காகத்தான் அந்தப் படகுகள் உங்களை விட்டுப் போகவில்லை.

அந்த வருஷம் என்னையும் வரச் சொன்னீர்கள். கவிழ்த்துப் போட்ட ஐஸ் டப்பாக்கள் மேல் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சேவியர் அண்ணன்தான் எல்லோருக்குமாகப் பேசினார். இரண்டு படகு வைத்திருப்பவர், குரல் பெரியது.

"யக்கா, டீசல் ஏறிட்டு, வலை ஏறிட்டு, ஆள்கூலி ஏறிட்டு. நீங்களும் ஏத்துனா நாங்க மீனப் புடிச்சுப் பிரயோஜனம் இல்ல. கடலத்தான் விக்கணும்."

"கடல வித்தாலும் ஐஸ் போட்டுத்தான்யா விக்கணும். எங்கிட்டத்தான் வரணும்."

சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் என் பக்கம் கையைக் காட்டினீர்கள். "நம்ம டீச்சர் இருக்கால்லா, படிச்சவ. ஏளா, நீ சொல்லு. ஐஸ் விலை ஏறினதால மீன் விலை ஏறுதா, மீன் விலை ஏறினதால ஐஸ் விலை ஏறுதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டும்தான்" என்றேன்.

"டீச்சரு ரெண்டு கரைக்கும் தோணி விடுதாவ!" என்றார் சேவியர் அண்ணன். அறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு நீங்கள் எழுந்து நின்றீர்கள். "இந்த வருஷம் விலை ஏறாது. போன வருஷ விலைதான். என் கரண்டு இனி மேல இருந்து வருது. அவனுக்குக் கட்டணத்த உயர்த்தத் தெரியாது."

கைதட்டினார்கள். நான் கூரையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் இரண்டு மாதமாகப் பார்த்தது சித்திரை வெயில், வைகாசி வெயில். வருஷத்திலேயே உச்சமான வெயில், அதுவும் உங்களுக்கு ஐஸே தேவைப்படாத மாதங்களில். ஐப்பசியில் வானம் மூடும்போது படகுகள் கடலில் இருக்கும், மீட்டர் படுத்துவிடும். வேறு யாருக்கும் இந்தத் தவறு நேராது. வேலை இல்லாத காலத்தில்தான் எதையும் நின்று பார்க்க நேரம் கிடைக்கும் உங்கள் தொழிலில்தான் நேரும்.

சொல்லியிருக்கலாம். அந்த ஆண்களுக்கு நடுவில் உங்களை நான் தோற்கடித்தது போலாகிவிடும் என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. ஒருத்தி நம்பினால் போதாது என்று சொன்ன நான், அந்த ஒருத்தி ஜெயித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல் சில மாதம் தாக்குப்பிடித்தது. பகலில் உறைந்த ஐஸைப் படகுகள் கிளம்பும் விடியற்காலை வரை வைத்திருந்ததில் பார்களின் விளிம்பு கரைந்தது. "யக்கா, உங்க சூரியன் செஞ்ச ஐஸ சூரியனே நக்கிட்டுப் போயிட்டான்" என்று சேவியர் அண்ணன் சீண்டினார். வைப்பறைக்குத் தெர்மாகோல் அடித்துச் சமாளித்தீர்கள். கடல் காற்றின் உப்பும் துறைமுகக் கரியும் பேனல் மேல் படிந்தன. துடைக்க ஓர் ஆளை வைத்தீர்கள். பிறகு மின்கட்டணம் ஏறியது. பிறகு மழை வந்தது. கம்ப்ரஸர் பகலிலும் லைன் கரண்டில் ஓடத் தொடங்கியது. துடைக்கும் ஆளை நிறுத்திவிட்டு நீங்களே தூரிகையோடு இரும்பு ஏணியில் ஏறினீர்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நானே காப்பி போட்டு எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். உங்கள் கையெல்லாம் கரி. இந்த முறை சொன்னேன். "விலைய ஏத்துங்கக்கா. கூப்பிட்டுச் சொன்னா அவங்களுக்குப் புரியும்."

காப்பியை வாங்கிக்கொண்டீர்கள். "நீ அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டல்லா? கூரையப் பாத்துக்கிட்டு முழிச்சியே, அப்பவே எனக்கும் தெரிஞ்சு போச்சு. ஆனா அதுக்குள்ள சொல்லிட்டேன்."

"அப்ப மாத்திச் சொல்லுங்க."

"சொன்ன விலை சொன்ன விலைதாம்ளா. எல்லாரும் அடுத்தவன் தலையில கட்டிக்கிட்டே போனா எங்கதான் நிக்கும்? எங்கயாவது ஒரு இடத்துல நிக்கணும்லா?"

"அது நீங்களாத்தான் இருக்கணுமா?"

"பின்ன யாரு, நீயா? உனக்கு அகவிலைப்படி வருதுல்லா."

"எனக்கு அது கிடையாதுக்கா. நான் சுயநிதிப் பிரிவு."

என்னைப் பார்த்தீர்கள். பிறகு காப்பி சிந்தும் அளவுக்குச் சிரித்தீர்கள். "அட பாவி. அப்ப நீயும் வரிசையில கடைசிதான். வா, வந்து உக்காரு."

கார்த்திகையில் மழை விட்டு வெயில் வந்த ஒரு மத்தியானம், பேனலைத் துடைத்துவிட்டு இறங்கியதும், நெஞ்சில் கேஸ் என்று சொல்லிக் கோலி சோடா வாங்கிவரச் சொன்னீர்களாம். சோடா வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டீர்கள். நான் வகுப்பில் இருந்தேன். ஆஸ்பத்திரியில், இதயத்தில் அடைப்பு வெகுநாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். விலையை ஏற்றியிருந்தாலும் அந்த அடைப்பு இருந்திருக்கும். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் துடைக்க ஆள் இருந்திருப்பார், நீங்கள் ஏணி ஏறியிருக்க மாட்டீர்கள்.

நாம் விவாதித்த பாடத்தை இப்போதும் நடத்துகிறேன். உற்பத்திச் செலவு, பணப்புழக்கம், எதிர்பார்ப்பு என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கிறது. ஏற்றாத விலை காணாமல் போவதில்லை. யாரோ ஒருவருடைய உடம்பில் போய்த் தங்குகிறது. இதற்கு எந்தப் புத்தகத்திலும் நான் பெயர் பார்த்ததில்லை. உங்களிடம் சொன்னால், "அப்ப என் கட்சிதான ஜெயிச்சுது?" என்று கேட்பீர்கள். இல்லை அக்கா. என் கட்சியும் ஜெயிக்கவில்லை. காப்பிக்கு இப்போதும் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன்.

சர்ச்சில் உங்களுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் தம்பி கம்பெனியைக் குத்தகைக்கு விட்டார். எடுத்தவர் அடுத்த திங்கட்கிழமையே ஐஸ் விலையை ஏற்றினார். வாசலில் சேவியர் அண்ணனைப் பார்த்தேன். "கரண்டு பில்லு ஏறிட்டுல்லா டீச்சர், அவனும் என்ன செய்வான்?" என்றார். ஒரு படகும் வேறு கம்பெனிக்குப் போகவில்லை. அந்த வாரக் கடைசியில் சந்தையில் விளமீன் விலையும் ஏறியிருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.