விடுவிக்க வழியில்லாத விளையாட்டு

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஒரு மாதமாக நான் போனில் விளையாடும் உளவு விளையாட்டை இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனை வாங்கி ஆடிப் பார்த்தார். அவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாத நாள். விளையாட்டில் நாம்தான் துறைமுகத்தைக் கண்காணிக்கும் அதிகாரி. சந்தேகப்படும் ஆளைத் தொட்டால் போதும், பிடித்துவிடுவார்கள். இருட்டிய பிறகு கரைக்கு வந்த ஒரு படகுக்காரனை அவர் தொட்டார். அவன் பெயர் சிவப்பானது, உள்ளே தள்ளிவிட்டார்கள். அவன் படகில் இன்ஜின் நின்றுபோன தகவல் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இவன வெளிய விடுறதுக்கு எங்கன அமுக்கணும்?" என்று கேட்டார்.

"அதுக்கு வழியே வைக்கலைங்க. பின்னாடி போயி மாத்தவும் முடியாது, அதுவா சேவ் ஆயிரும். நானே நாலஞ்சு பேர இப்படி உள்ள தள்ளிருக்கேன்," என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. போன வருஷம் இன்ஜின் நின்று படகு கடல் எல்லை தாண்டி அடுத்த நாட்டுப் பக்கம் ஒதுங்கியதில், நாற்பது நாள் அந்தப் பக்கத்துச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எம் பேரும் அங்கன இன்னும் சிவப்பாத்தான் கெடக்கும்," என்றார்.

விடிந்தால் கடலுக்குப் போகிறார். இரண்டாம் தடவை பிடிபட்டால் சுலபத்தில் விட மாட்டார்கள் என்கிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவர் தூக்கமும் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது.