இரண்டு முறை சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

என் ஆசை மச்சான் ராமையா,

வருகிற வாரத்தோடு நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. உன் படம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து, நினைவு நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கப் போகிறார்களாம். அதில் நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உன் மகள் சுமதி காகிதமும் பேனாவுமாக என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கைநாட்டு தவிர வேறு எழுத்து இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள் நேராக்கி எழுதிக்கொள்கிறாள்.

"அப்பாவைப் பத்திச் சொல்லுங்க மாமா" என்றாள்.

"உங்க அப்பனைப் பத்தி ஒங்கிட்ட என்னத்தச் சொல்றது? அவன்கிட்டயே சொல்லிக்கிறேன். நீ எழுதிக்க தாயி" என்றேன்.

முதலில் நம் போர்ட் பிளேர் டாலிகஞ்ச் ரோட்டுச் சேதி. நாம் தாதா என்று கூப்பிடும் வங்காளி அண்ணனின் சோற்றுக்கடைத் தகரக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஃபேன் ஓடுகிறது, ஆனால் பெஞ்சு அதே பெஞ்சுதான். மலையாளி இக்காவின் டீக்கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறான். பழம்பொரி முன்பு கையளவு இருக்கும், இப்போது விரலளவு. பத்துபஸ்திக்குத் திரும்புகிற முக்கில் பூரி போடும் தெலுங்கு அம்மாவுக்கு முட்டி வலி. உட்கார்ந்தபடியே மாவு தேய்க்கிறாள். சந்தை நாளில் துஸ்கா சுட்டு விற்கும் ராஞ்சிக்காரி மட்டும் அப்படியே இருக்கிறாள். அரிசியும் கடலைப்பருப்பும் அரைத்த அந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் உப்பி எழும்புமே, அந்த வாசனை ரோட்டுக்கு வரும்போது இப்போதும் என் கால் தானாக நிற்கிறது.

சுமதி பேனாவை நிறுத்திவிட்டாள்.

"மாமா, அப்பாவுக்கு எதுக்கு கடைக்கதை? அவர்தான் வெளியில பச்சைத்தண்ணிகூட குடிக்க மாட்டாரே."

"நீ எழுது புள்ள."

மச்சான், என்னை மன்னித்துக்கொள். நீ வாயை மூடச் சொல்லியிருந்தாய், நானும் மூடித்தான் இருந்தேன். இனிமேல் முடியாது. ஏன் முடியாது என்று கேள்.

உன் பெண்டாட்டி மீனாச்சி, என் கூடப்பிறந்த தங்கச்சி, நீ போன நாளிலிருந்து ஒரு தேங்காய் உடைக்கவில்லை. துருவலையைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டாள். ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்து உப்பைப் போட்டுக் குடிக்கிறாள். ஆள் பாதியாகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "வீட்ல என்ன சமைக்கிறீங்கம்மா? சுகர்காரருக்கு இவ்வளவு சோறு, இவ்வளவு தேங்காய் ஆகாதே" என்று கேட்டார் அல்லவா? அந்த ஒரு கேள்வியை அவள் நெஞ்சில் ஆணியாக அடித்துக்கொண்டாள்.

வருஷ நினைவுக்கு உனக்கு இலை போட்டுப் படைக்க வேண்டும். அவருக்குப் பிடித்ததையெல்லாம் செய் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு அவள் சொன்னதை சுமதியே என்னிடம் வந்து சொன்னாள்.

"சோறு போட்டே அவரைக் கொன்னவ நான். மறுபடியும் எலை போடச் சொல்றீங்களா?"

இதைக் கேட்ட பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஆளா மச்சான்?

அதனால் சொல்லிவிடுகிறேன். சுமதி, நீயும் கேட்டுக்கோ. உங்க அப்பன் டாலிகஞ்ச் ரோட்டில் சாப்பிடாத கடை இல்லை.

நாம் நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய காலம் முழுக்க ரொட்டியும் சம்பலும், சம்பலும் ரொட்டியும்தான். இலங்கைத் தோட்டத்திலும் அதுதான். நடுவில் மண்டபம் முகாமில் இருந்த நாட்களைத் தவிர நாம் மெயின்லேண்டைப் பார்த்ததே இல்லை. சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளோடு போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் ஒருநாள் நீ தாதா கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாய். கடுகு அரைத்து ஊற்றிய சுர்மை மீன், நம்ம வஞ்சிரம்தான். "என்னா வாசம் மச்சான் இது, மூளைக்குள்ள ஏறுது" என்றாய். அன்றைக்கு உள்ளே போனவன்தான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் "மீன் வாங்கிட்டு வர்றோம்" என்று மீனாச்சியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். தெலுங்கு அம்மாவிடம் பூரி. இக்கா கடையில் பழம்பொரியும் பால் ஊற்றாத சுலைமானி டீயும். கடைசியாக தாதா கடை. நாம் தலையைக் காட்டியதும் "ஆ கயா ஜோடி! பைட்டோ, பைட்டோ" என்று உட்காரச் சொல்லிக் கத்துவார். கேட்காமலே இரண்டு தட்டு வரும். மீனின் முள்ளை வாய்க்குள்ளேயே பிரித்துத் துப்ப உனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "இந்த ரோட்டை ஒரு நடை நடந்தா மெயின்லேண்ட் பூரா சுத்தியாச்சு, கப்பல் டிக்கெட் மிச்சம்" என்பாய்.

ஏன் மறைத்தோம் என்று சுமதி கேட்கிறாள். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத்தான் அது புரியும் தாயி. எங்கள் தோட்டத்தில் கடையில் சாப்பிடுகிற ஆம்பிளை என்றால் ஒன்று பெண்டாட்டி செத்தவன், இல்லை பெண்டாட்டி விட்டுப் போனவன். அடுப்பு எரிகிற வீட்டுக்காரன் கடையில் கை நனைத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைகுனிவு. மீனாச்சி அதே நினைப்போடு கடல் தாண்டி வந்தவள். "என் வீட்டுக்காரர் என் கைச்சோறு தவிர வேற தொடமாட்டார்" என்று தெருவில் பெருமையாகச் சொல்லுவாள். அந்தப் பெருமையில் மண் விழக்கூடாது என்று நீ பயந்தாய். அது நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் நம்மை இவ்வளவு தூரம் கொண்டு வந்துவிட்டது.

மீனோடு வீட்டுக்கு வருவோம். அவள் அதை அறுத்து, தேங்காய்ப்பால் பிழிந்து, குழம்பு கொதித்து இறங்கும் வரைதான் நம் வயிற்றுக்கு அவகாசம். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, காலையிலிருந்து பட்டினி கிடந்தவர்கள் மாதிரி சாப்பிடுவோம். நாம் எழுந்த பிறகுதான் அவள் தட்டெடுப்பாள். "நல்லாருக்கு மீனாச்சி, நல்லாருக்கு" என்று நீ சொல்லும்போது உன் நெற்றியில் வேர்த்து ஊற்றும். காரம் தூக்கலாகிவிட்டதோ என்று அவள் விசிறுவாள்.

ஒருநாள் சோறு போடக் குனிந்தவள் நிமிர்ந்து, "என்னாங்க, ஒங்க மீசையில கடுகெண்ணெ வாடை அடிக்குது?" என்றாள்.

"மார்க்கெட்ல ஒரு வங்காளி மேல சாஞ்சிட்டான்" என்றாய்.

"மீசைமேலயா சாஞ்சான்?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி எழுந்து போனேன். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை மச்சான். அவளும் நம்மோடு சேர்ந்து சிரித்தாளே, எதற்கென்று தெரியாமலே.

உனக்குச் சக்கரை வந்த பிறகாவது நாம் நிறுத்தியிருக்க வேண்டும். அவள் தேங்காயைப் பாதியாக்கினாள், சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டாள். நீ அந்தக் குறையை தாதா கடையில் நிரப்பிக்கொண்டாய். "வேணாம் மச்சான்" என்று நான் சொன்னது உண்டு. "நீ வராட்டி நான் தனியாப் போறேன்" என்றாய். தனியாக விட மனசு வரவில்லை. அது உன்மேல் இருந்த பாசமா, எனக்கும் அந்த மீன்மேல் இருந்த ஆசையா? இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

இன்னொன்றையும் கேள். நீ போன பிறகு ஒரே ஒரு தடவை தாதா கடைக்குப் போனேன். அவர் பழக்கத்தில் இரண்டு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தோஸ்த் கிதர்?" என்றார். கூட வருகிறவன் எங்கே என்கிறார். சொன்னேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உன் தட்டை எடுத்துப் போகவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டையும் நானே சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன், ஆனாலும் சாப்பிட்டேன். என் தங்கச்சி அதே நேரம் உப்புக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

சுமதி பேனாவை மூடி வைத்துவிட்டாள். முகத்தைப் பார்த்தால் கோபமா அழுகையா தெரியவில்லை.

"இது புத்தகத்துல படிச்சு அம்மாவுக்குத் தெரியக்கூடாது மாமா. நீங்களே வந்து சொல்லணும். எந்திரிங்க."

இதற்கு மேல் உள்ளதை வேறொரு நாளில் சுமதியிடம் சொல்லி எழுதவைக்கிறேன் மச்சான். உன் நினைவு நாள் முடிந்துவிட்டது, இது முடியாததால் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

பேனாவை மூடிய அன்றைக்கே சுமதி என்னைக் கைபிடித்து உன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மீனாச்சி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து கடைசி வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"எம்புட்டு நாளா?" என்றாள்.

"இங்க வந்ததுலேர்ந்து."

"சக்கரை வந்த பொறவுமா?"

"ம்."

கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். ஒப்பாரி வைப்பாள், பிறகு நெஞ்சு லேசாகி ஒரு வாய் சோறு சாப்பிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"நான் அவரைக் கொல்லலைன்னு சொல்ல வந்தியாண்ணே?"

"ஆமா தாயி."

"சந்தோசம். அப்ப இத்தினி வருசமா நான் ஆக்கிப் போட்டதை ரெண்டு பேரும் எதுக்குத் தின்னீங்க? பாவமேன்னா?"

முறத்தைக் கீழே வைத்தாள்.

"நல்லாருக்கு, நல்லாருக்குன்னாரே?"

"நல்லாத்தான் இருந்துச்சு மீனாச்சி."

"பசியில்லாதவனுக்கு என்னா ருசி தெரியும்? எந்திரிச்சுப் போண்ணே."

எழுந்து வந்துவிட்டேன். பார்த்தாயா மச்சான், ஒரு பாரத்தை இறக்கப் போய் அவள் தலையில் வேறொன்றை ஏற்றிவிட்டு வந்தேன். தான் கொன்றுவிட்டோம் என்ற அவள் எண்ணத்திலாவது, புருஷன் என் சோற்றை ஆசையாகத் தின்றான் என்ற ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டேனே. நீ சொன்னபடி வாயை மூடியே இருந்திருக்கலாமோ? அதன்பிறகு தெருவில் கண்டாலும் அவள் என்னோடு பேசவில்லை. நினைவு நாளுக்கு என்னைக் கூப்பிட மாட்டாள் என்றுதான் இருந்தேன்.

நினைவு நாளன்று காலையில் சுமதி வந்தாள். "அம்மா ஒங்களை வரச் சொன்னாங்க" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. உன் வீட்டுச் சந்து திரும்பும்போதே துருவலைச் சத்தம் கேட்டது. சாக்கைப் பிரித்துவிட்டாள். உள்ளே போனால் மீனாச்சி கொலுப் பொம்மை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தேங்காய் துருவுகிறாள். துருவலோடு கோபமும் சேர்ந்து விழுகிறது.

உன் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். தேங்காய் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பு. சுமதி பாவம், அப்பாவுக்குப் பிடித்ததாயிற்றே என்று தாதா கடைக் கடுகு மீனை ஒரு டப்பாவில் வாங்கி வந்திருந்தாள். அதைத் திறக்கப் போனாள்.

"அதை வெளிய வை" என்றாள் மீனாச்சி. "அங்க தின்னுட்டுத்தான் இங்க வருவாரு, தெரியாதா?"

சுமதி ஒரு நிமிஷம் அம்மா முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீனாச்சி சிரிக்கவில்லை. சூடம் கொளுத்திக் காட்டினாள். கும்பிட்ட கையை இறக்காமல் உன் படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னைக்காச்சும் பசியோட வாங்க."

வந்தாயா மச்சான்?

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ காலையில எங்க தின்ன?"

"எங்கயும் இல்ல. பிளேன்டீ மட்டும் குடிச்சேன்."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னேன். ரொட்டியைப் போட்டாள், சம்பலை வைத்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு என் தங்கச்சி கைச்சோற்றைப் பசியோடு சாப்பிடுவது எனக்கு அதுதான் முதல் தடவை. ஒரு வாய் வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'நல்லாருக்கு' என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு வரை வந்துவிட்டது.

"சம்பல்ல உப்பு கூடிப்போச்சு, மீனாச்சி" என்றேன்.

அவள் கிண்ணத்திலிருந்து விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "வருசமாச்சுல்ல, கை மறந்துபோச்சு." உள்ளே போய் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பூ கொண்டுவந்து அதில் பிசைந்தாள். பிறகு தனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழும் வரை காத்திருக்கவில்லை.

என் குற்றம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று சுமதி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "போடட்டும், ஆம்பிளைங்க எம்புட்டு நடிப்பாங்கன்னு நாலு பொம்பளைங்க படிக்கட்டும்" என்றாளாம். அதனால்தான் இது இப்போது ஊரார் கைக்கும் வருகிறது.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் மச்சான். எனக்கு உயிர் இருக்கும் வரை ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வெறும் வயிற்றோடுதான் போவேன். உப்பு கூடினால் கூடிப்போச்சு என்பேன், குறைந்தால் குறைவு என்பேன். நன்றாக இருந்தால் மட்டும் நன்றாக இருக்கிறது என்பேன். நீயும் நானும் சேர்ந்து சொன்ன பொய்க்கு, உனக்கும் சேர்த்து நான் ஒருவனே இனி உண்மை சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மீனாச்சியின் அண்ணன்,
உன்னோடு இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்த மச்சான்,
பெரியசாமி