நேட்டால் நான்கு விரற்கடை

கோயமுத்தூர்,
2-2-1936

சிரஞ்சீவி தம்பி கோவிந்தராஜுலுவுக்கு அக்காள் வெங்கடலட்சுமியின் ஆசீர்வாதம்.

உன் மனைவி பங்காரம்மாவும், மகள் தாயாருவும், நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ரங்கூனில் உங்கள் மரக் கம்பெனி வேலை எவ்வளவு அவசரமானாலும் இதைப் பாதியில் மடித்து வைக்காதே.

தாயாருவுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிப் பங்காரம்மா யாரையோ வைத்து உனக்கு எழுதியிருக்கிறாள். எப்படி எழுதினார்களோ, நான் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

பெருந்துறைக்காரர்கள் மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். உன் மூத்த மகள் அந்த வீட்டில் பிரசவத்தில் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் தாயாருவை அதே மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரமாகக் கேட்கிறார்கள். பங்காரம்மா வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, “எம்பொண்ணைக் கடைசி மாசம் வரைக்கும் அனுப்பாம வெச்சிருந்து கொன்னுபோட்டு, இன்னொண்ணைக் கேக்க வந்தீங்களாக்கும்?” என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர்கள் விடுகிறவர்கள் அல்ல. உறவுக்காரர்களும் அவர்கள் பக்கம். வேறு எங்கிருந்தாவது ஓர் இடம் வராதா என்று இவள் தவித்துக்கொண்டிருந்தபோது தொண்டாமுத்தூர் வெங்கடபதி வந்து சேர்ந்தார்.

அவருடைய தம்பி இருபத்தைந்து வருஷத்துக்கு முன் கல்யாணமானதும் மனைவியோடு நேட்டாலுக்குப் போய், டர்பன் பட்டணத்தில் காய்கறித் தோட்டமும் கடையும் வைத்து நன்றாக இருக்கிறாராம். அவர் மகன் அரங்கசாமிக்கு இங்கே பெண் தேடுகிறார்கள். பையன் மாசியில் வந்து தாலி கட்டி அழைத்துப் போவான். குடும்பத்தைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பங்காரம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதமே பெண்ணை அனுப்பிவிட வேண்டும். வெங்கடபதி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அதுக்கென்னுங்க அம்மணி, பேஷா அனுப்பிப்போடலாமுங்க” என்றார்.

நேட்டால் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். “ராமேசுவரம் தாண்டிங்க” என்றார் வெங்கடபதி. கொழும்புக்குப் பக்கம் என்றாள் ஒருத்தி. பி.ஏ., பி.எல். படித்த பக்கத்து வீட்டு வக்கீல், மலாய்க்குச் சற்றுக் கீழே என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பங்காரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குத் தெரிந்த கடல் நீ போய்வரும் கடல் ஒன்றுதான். நீ மதராஸில் கப்பலேறினால் நான்காம் நாள் ரங்கூன். ஆகையால் கடலுக்கு அக்கரை எதுவானாலும் நான்கு நாள். டர்பனிலிருந்து வந்த கடிதத்தின் தபால்தலையில் கப்பல் படம் இருக்கிறது. அதை என்னிடம் நீட்டி, “பாருங்க அண்ணி, ஸ்டாம்புலயே கப்பல் போட்டிருக்காங்க. நல்லா போக்குவரத்து இருக்கிற ஊராட்டத்தான் தெரியுது” என்றாள்.

பெண்களை மட்டும் சொல்லுவானேன். மன்னர் காலமானதற்குப் போன மாதம் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மில்லில் பங்கு வைத்திருக்கும் நம் தெருப் பெரிய மனிதர் ஒருவர், “பாவம், விக்டோரியா அம்மா தாலியறுத்துப்போட்டாங்களே” என்று என்னிடம் துக்கம் விசாரித்தார். அந்த அம்மாள் செத்தே முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. அவர் பெட்டியில் இருக்கும் பழைய ரூபாயில் அந்த முகம் இருக்கிறது; இவருக்குச் சரித்திரம் அங்கே நின்றுவிட்டது.

நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஊர்ப் பெயர் எழுதாத படத்தைக் கொடுத்து ஆப்பிரிக்காக் கரையைக் காட்டச் சொல்லுவார்கள். தப்பினால் முழங்காலில் நிற்க வேண்டும். அந்தக் கரை இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்குத் தெரியும். கப்பலில் மட்டும் மூன்று வாரத்துக்குக் குறையாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை.

அக்காள் சரியென்றால் எனக்கும் சரி என்று நீ எழுதியிருப்பதாகப் பங்காரம்மா சொல்லுகிறாள். நான் இன்னும் சரியென்று சொல்லவில்லை. அவளை என் வீட்டுக்கு வரவழைத்து, அட்லாஸை விரித்துக் காட்டப்போகிறேன். கண்ணால் பார்த்தால் அவளே வேண்டாம் என்றுவிடுவாள்.

உன் நன்மையை நாடும்,
வெங்கடலட்சுமி

கோயமுத்தூர்,
16-2-1936

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

இதற்குப் பதில் கடிதம் எழுதாதே, தந்தி கொடு. காரணத்தைச் சொல்லுகிறேன்.

பங்காரம்மாவும் தாயாருவும் வந்தார்கள். வெங்கடபதியும் கூடவே வந்தார். உலகப் படத்தை விரித்து, கோயமுத்தூர் இருக்குமிடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, டர்பனைத் தொட்டுக் காட்டினேன். பங்காரம்மா குனிந்து பார்த்தாள். பிறகு நான் நினைக்காத காரியத்தைச் செய்தாள். புள்ளியிலிருந்து விரல்களைச் சேர்த்து வைத்து அளந்தாள். நான்கு விரற்கடை. நிமிர்ந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. பெரியவள் போனபிறகு நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

என் வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய சென்னை ராஜதானிப் படம் உனக்கு நினைவிருக்கும். முதல் தடவை ரங்கூன் போகுமுன் நீதான் அவளை அதன் முன் நிறுத்தி, இது கோயமுத்தூர், இது மதராஸ் என்று சாண் போட்டுக் காட்டினாய். இரண்டு சாண். அதை அவள் மறக்கவில்லை. “மெட்ராசே ரெண்டு சாண் இருக்குதுங்களே அண்ணி! இது நாலு வெரல்தானுங்க. இதுக்குப் போயி என்னை இத்தனை நாளாப் பயங்காட்டிப்போட்டீங்களே!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

படத்துக்குப் படம் அளவு வேறு என்றேன். ஒரு யானையைச் சுவர் முழுக்கவும் வரையலாம், தபால்தலையிலும் வரையலாம் என்றேன். மலையடிவாரத்தில் யானைகளோடு மல்லுக்கட்டும் தொண்டாமுத்தூர்க்காரரை வைத்துக்கொண்டு யானைப் பேச்சு எடுத்திருக்கக் கூடாது. “எங்க காட்டுக்குள்ள பூந்தா எல்லா யானையும் ஒரே அளவுதானுங்க அம்மா” என்று வெங்கடபதி சொல்ல, அந்த விளக்கம் சிரிப்பில் போயிற்று. நான் குரலை உயர்த்தினேன். அவர் அமைதியாக, புத்தகம் எந்த வருஷத்து அச்சு என்று கேட்டார். அது பள்ளிக்கூடத்தில் நான் பரிசாக வாங்கியது, 1884. “அப்படிச் சொல்லுங்க. அது பாய்க்கப்பல் காலமுங்க. இன்னிக்கு நீராவிக் கப்பல் ராவும் பகலும் ஓடுதுங்க, அதென்ன மாடா, மூச்சு வாங்க?” என்றார். பங்காரம்மா தலையாட்டினாள். உன் மகளை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தோமே, அவளாவது பேசுவாள் என்று பார்த்தேன். படத்தின் அடியில் இருக்கும் மைல் அளவை நான் விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை வைத்தவள்போல் நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய சம்பளம் தண்டம்.

வெங்கடலட்சுமி அம்மாளே புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், நேட்டால் மதராஸைவிடக் கிட்டம் என்று மறுநாளே தெருவெல்லாம் பேச்சு. நான் ஒரு விஷயம் சொன்னால் இந்தத் தெருவில் மறுபேச்சு இல்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைதான் இப்போது இந்தக் கல்யாணத்துக்கு ஜாமீன். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. மாசிக் கடைசியில் முகூர்த்தம்.

தம்பி, தூரம் தெரிந்து அவள் மகளைக் கொடுத்தால் நான் குறுக்கே வரமாட்டேன். அவள் சம்மதித்திருப்பது நான்கு நாள் வழிக்கு. ஏழாம் மாதம் வாசலில் வந்து இறங்கும் பெண்ணுக்கு. அப்படி ஓர் ஊரே கிடையாது. நீ கப்பலில் போய்வருகிறவன். நீ சொன்னால் நம்புவாள். மிகத் தூரம், நிறுத்து என்று ஒரு வரி தந்தி கொடு. இந்த ஒரு தடவை தாமதம் செய்யாதே.

வெங்கடலட்சுமி

கோயமுத்தூர்,
15-3-1936

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

கல்யாணம் நடந்துவிட்டது. நேற்று பெண்ணும் மாப்பிள்ளையும் பம்பாய்க்கு ரயிலேறினார்கள்.

உன் தந்தி வந்தது. அக்காள் சொற்படி செய்யவும் என்று இருந்தது. என்னை மதித்துத்தான் அப்படிக் கொடுத்தாய், தெரியும். வக்கீல் அதை வாசித்துத் தமிழில் சொன்னதும் உன் வீட்டில் சர்க்கரை வழங்கினார்கள். அக்காள் சொன்னது நான்கு விரற்கடை என்பதல்லவா அவர்கள் கணக்கு! என் கடிதத்தைக் கடைசி வரை படித்தாயா என்று நான் கேட்கப்போவதில்லை.

அரங்கசாமி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். கப்பலில் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று என்றார். அவருடைய அம்மா இங்கிருந்து போனபிறகு எத்தனை தடவை ஊருக்கு வந்தாள் என்று கேட்டேன். “ஒருக்காக்கூட வரலீங்க பெரியம்மா. வரோணும் வரோணும்னு சொல்லீட்டே இருப்பாங்க. நாங்க அஞ்சு பேரு, கடை, தோட்டம்னு அப்பிடியே போயிருச்சுங்க” என்றார். பிரசவத்துக்கு அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறதாம், டாக்டரம்மா இருக்கிறாராம். ஏழாம் மாத நிபந்தனையைப் பற்றி அவருக்கு யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தூரம் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்றே அவர் நினைத்திருக்கிறார்.

அவரையே அழைத்துப் போய்ப் பங்காரம்மா முன்னால் நிறுத்திவிடுவது என்று எழுந்தேன். நடையில் தாயாரு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னை அப்பால் நகரவிடவில்லை. “எனக்குத் தெரியுமுங்க அத்தை. நீங்க புஸ்தகத்தை விரிச்ச அன்னிக்கே மைல் போட்டுப் பாத்துட்டேனுங்க. நாலாயிரத்துக்கு மேல வருதுங்க” என்றாள்.

தெரிந்தும் ஏன் கல்லாக நின்றாய் என்று கேட்டேன். “சொல்லியிருந்தா அம்மா நிறுத்திப்போடுமுங்க. அப்பறம் பெருந்துறைதானுங்க. அம்மா ஒருத்தியா எத்தனை நாளைக்கு அவங்களைத் தடுக்கும்?” என்றாள். கூப்பிட்டால் வர ஒரு தாய்கூட இல்லாத இடத்தில், அவ்வளவு தூரத்தில், பிள்ளைப்பேறு என்றால் என்ன என்று தெரியுமா என்று நான் கடிந்தேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அக்கா இருந்தது அம்பது மைலுங்க அத்தை. தூரத்துலயா செத்தா?”

பிறகு அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நாலு வெரல்னே இருக்கட்டுமுங்க. அந்த நெனப்புலதான் அம்மா தூங்குது” என்றாள்.

நான் சொல்லவில்லை. முகூர்த்தத்தன்று பங்காரம்மா என் காதருகே வந்து, “ஏனுங்க அண்ணி, மொத ஆடிக்குப் புள்ளையைக் கூட்டியார ஆளு அனுப்போணுமே, யாரை அனுப்பலாமுங்க?” என்று கேட்டாள். வெங்கடபதியைக் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். தப்பு என்று தெரிந்தும் ஒன்றை வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு அட்சதைத் தட்டை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டேன்.

போத்தனூர் ஸ்டேஷனில் பங்காரம்மா அழவில்லை. “ஆடிக்கு ஆளு வரும் கண்ணு, சீலையெல்லாம் எதுக்கு இத்தனை அடைச்சே?” என்று பெட்டியைப் பார்த்துக் கோபித்தாள். தாயாரு ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டாள். போயிட்டு வாரேனுங்கம்மா. போயிட்டு வாரேனுங்க மாமா. வக்கீல் வீட்டம்மாளிடம்கூடச் சொன்னாள். என்னிடம் வந்து காலைத் தொட்டாள், எழுந்தாள், முகத்தைப் பார்த்தாள். என்னிடம் மட்டும் அந்த ‘வாரேன்’ சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நேட்டாலுக்கு எத்தனை நாள் வழி என்று உன் மனைவி உனக்கு எழுதிக் கேட்பாள். ரங்கூன் மாதிரிதான் என்று எழுது. சின்ன வயதில் நீ ஓர் ஊரை இடம் மாற்றிக் காட்டினால் விரல் முட்டியில் அடித்தவள் நான். அவளேதான் கேட்கிறாள், எழுது. ஆடிக்கு நான் ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிக்கிறேன். கடலில் காற்று என்பேன், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பேன். அதற்கு மேல் எனக்குச் சாமர்த்தியம் போதாது. அங்கிருந்து நல்ல செய்தி வந்து, இவள் மாதத்தை எண்ணத் தொடங்கினால், ஏழாம் மாதம் இந்த வீட்டில் நான் தனியாக அவள் எதிரில் உட்கார்ந்திருக்க முடியாது. இப்போதே கம்பெனியில் எழுதிக் கொடுத்து லீவு வாங்கிக்கொள். இவளுக்குச் சொல்ல வேண்டியதை நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடலாம். சொல்லாமல் இருப்பதானாலும் இரண்டு பேராக இருக்கலாம்.

கப்பலேறப் போகும் அந்தக் குழந்தைக்கும் உனக்கும் ரங்கநாதர் துணையிருக்கட்டும். இந்தத் தடவை தந்தி வேண்டாம் தம்பி. நீயே வா.

உன் அக்காள்,
வெங்கடலட்சுமி