கடைசி நாளின் ஆறு அளவீடுகள்

மார்ச் 4

அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் ஓய்வு பெறும் விழாவுக்கான அழைப்பு கிடைத்தது. வர இயலாது. காரணம் உங்களுக்குத் தெரியும், அக்காவுக்கும் சொல்லியிருக்கிறேன். அன்று மில் ஆய்வகத்தில் நாம் இருவரும், பஞ்சு எவ்வளவு ஈரம் உறிஞ்சுகிறது என்று ஆளுக்கு முப்பது மாதிரி அளந்தோம். கடைசி நாளில் நான் அளந்த ஆறை நீங்கள் அறிக்கையிலிருந்து நீக்கினீர்கள். அடியில் 'அளந்தவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி. அந்த வரியால் ஆய்வகத்திலிருந்து கிடங்குக்கு வந்தேன். பதினோரு ஆண்டுகளாகச் சாக்குகளுக்கு நம்பர் எழுதுகிறேன். கையெழுத்து மட்டும் அழகாகியிருக்கிறது.

அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

இப்படிக்கு,
மைத்துனன்

மார்ச் 13

அன்பு மாப்பிள்ளை,

அலமாரியை ஒழித்தபோது அந்தப் பதிவேடு கிடைத்தது. அறுபது அளவீட்டையும் ஒரே சராசரியில் கொட்டி, அதிலிருந்து விலகியதால்தான் அன்று உன் ஆறைத் தள்ளினேன். இப்போது நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆறுமே மற்றவற்றைவிட முக்கால் சதவீதம் கூட. ஆனால் தங்களுக்குள் ஒட்டி நிற்கின்றன. தாறுமாறாக எடை போட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போயிருக்கும். கவனக்குறைவு என்று எழுதியது தப்பு. உன்னைக் கேட்காமல் எழுதியது அதைவிடத் தப்பு.

ஒன்றே ஒன்று. ஈரப் பஞ்சை முதலில் உலர்த்தாமல் அளந்தாலும் இப்படி ஒரே சீராகக் கூடும். அன்று உலர்த்தினாயா? பதிவேட்டில் உன் டிக் இருக்கிறது. இருந்தாலும் நீ சொல்லிக் கேட்க வேண்டும். ஆம் என்று எழுது போதும். உன்னை ஆய்வகத்துக்குத் திரும்ப எடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவேன்.

உன் அக்கா, "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் ஒண்ணும் அவனுக்காகக் காத்துக்கிட்டு இல்லே" என்கிறாள். சொல்லிக்கொண்டே மாடி அறையைக் கூட்டுகிறாள்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

'ஆம்' என்று மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன்.

உலர்த்தவில்லை. உங்களுக்கு முன்னால் முடித்து, ஆய்வகத் தலைவராக இருந்த பெரியவரின் மேஜையில் என் தாள் முதலில் விழ வேண்டும் என்று இருந்தது. உலர்த்தும் அடுப்பருகே நான்கு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லை. மழை ஈரம் பட்ட பஞ்சை அப்படியே, ஒரே ஈரப்பதம் காக்கும் அளவறையில் ஆற வைத்து எடை போட்டேன். டிக்கும் போட்டேன்.

அன்றே நீங்கள் கேட்டிருந்தால் உலர்த்தினேன் என்று சாதித்திருப்பேன். கேட்காமல் நீக்கினீர்கள், நான் உங்களிடம் வாய்திறந்து பொய் சொல்லாமலே நியாயவானாகிவிட்டேன். அந்த வசதியை விட மனம் வரவில்லை.

நீங்கள் கேட்காதது தப்புதான். அதை விட்டுத்தர மாட்டேன்.

இதை அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். அவளிடம் நான் சொல்லி வந்த கதை வேறு. அவள் என்னோடு பேசாவிட்டாலும் விழாவுக்கு வருவேன்.

உங்கள்
மைத்துனன்