அள்ளாத சாம்பல்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மகன் எழுதியிருந்தான், பெரிய பேரன் கணக்கில் நூற்றுக்கு நூறாம். நடுப் பேத்தி ஓட்டப்பந்தயத்தில் பையன்களையும் முந்தினாளாம். சின்னது எழுத்துக்கூட்டாமல் பேப்பர் படிக்கிறதாம். தபால்காரரை நிறுத்தி எல்லாம் சொன்னேன். எங்கள் வம்சத்து மூளை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்ததிலிருந்து படுக்கைதான். கணப்பு அடுப்போ விடிவதற்குள் அணைந்துவிடுகிறது. மூன்று முறை எழுந்து விறகு போடுகிறேன். நாலாவது முறைக்கு உடம்பு எழ மாட்டேன் என்கிறது. இன்று காலை அவர் டம்ளர் தண்ணீர் உறைந்திருந்தது. விரலெல்லாம் நீலம். "இன்னும் குளிர விட்டீங்கன்னா நெஞ்சு தாங்காது பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போன டாக்டர், அதன்பின் வரவில்லை. பனி கொட்டி இந்த மலைப் பாதையே மூடிவிட்டது. தபால்காரர் மட்டும் வாரம் ஒருமுறை நடந்து வருகிறார். விறகு இருபது நாளைக்குத்தான்.

நீ இங்கே இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் நெருப்பு அணையவில்லை. எப்படி என்று சொல்லு, அம்மா.

அத்தை

ஜனவரி 13

அத்தைக்கு,

உங்கள் மகன் உடனே கிளம்பினார். பாதை மூடியிருக்கிறதென்று பாதி வழியில் திருப்பிவிட்டார்கள். அதனால் நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

சாயங்காலம் சாம்பலை அள்ளிக் கொட்டி அடுப்பைப் பளபளவென்று துடைக்கிறீர்களே, அதுதான் கேடு. நாலு விரல் கனத்துக்குச் சாம்பல் கிடக்கட்டும். படுக்கும்முன் தணலைப் பின்னால் ஒதுக்கி, காய்ந்த தடிக்கட்டை இரண்டை நெருக்கி வையுங்கள். பற்றியதும் சுற்றிலும் சாம்பலைக் குவித்து மூடுங்கள். காற்றுத் துவாரத்தை முழுக்க மூடாதீர்கள். புகை அறைக்குள் திரும்பினால் ஆளையே கொன்றுவிடும்.

இதற்காகத்தான் நான் சாம்பலை விட்டுவைத்தேன். விருந்தாளிகள் முன்னால் என்னைக் காட்டி, "சாம்பல் மூட்டை வருது, துணியை ஒதுக்கிக்கோங்க" என்றீர்கள். குடும்பப் படத்தில் என் பக்கத்தை மடித்துவிட்டுச் சட்டம் போட்டீர்கள். "அம்மா எங்கே?" என்று சின்னது கேட்டது.

மாமாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

ஜனவரி 17

என் மருமகளே,

நேற்று உன் கடிதம் வந்தபோது மாமாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், தபால்காரர்தான் படித்தார். சாம்பல் மூட்டை என்ற இடத்தையும் விடாமல் படித்தார். தலைகுனிந்து கேட்டேன்.

அடுப்பில் ஒரு பிடி சாம்பல் கிடையாது. வெளியே கொட்டியது பனியில் கட்டியாகக் கிடந்தது. மிச்ச விறகில் கால்வாசியைப் பகலோடு பகலாக எரித்துச் சாம்பல் சேர்த்தேன். தப்பினால் அவ்வளவுதான் என்று தெரிந்தேதான் செய்தேன்.

விடிந்ததும் அடுப்புக் கதவைத் திறக்கவே பயம். கிளறினேன். உள்ளே சிவப்பாக இருந்தது.

மாமாவுக்கு மூச்சு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு வாரமாக வாய் திறக்காதவர், போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, "மருமக வந்துட்டாளா?" என்றார்.

"மருமக வந்துட்டாங்க" என்றேன்.

தபால்காரர் வர இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இருந்தாலும் இப்போதே எழுதுகிறேன். படத்தை இறக்கி மடிப்பைப் பிரித்தேன். உன் தோளில் விழுந்த கோடு எவ்வளவு நீவியும் போகவில்லை. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பிள்ளைகள் இரண்டு பக்கமும் நிற்கட்டும், நீ நடுவில் நில்.

அத்தை