சோதனை முடிந்த பின் பிரிக்கவும்

என் சோதனைக்காரிக்கு,

எம்.பி.ஏ. நுழைவுச் சோதனை எழுதி நீர் வெளியே வந்த பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டும் என்று, இரவு பஸ்ஸில் வரும் உம்முடைய தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். முதலில் அவன் வாங்கித் தரும் தேத்தண்ணியைக் குடியும்.

மகளுக்குச் சுகம். டெங்கு இல்லையாம். முந்தாநாளே காய்ச்சல் விட்டது. நாளைக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள்.

ஓம், ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம், நீர் கொழும்புக்குப் பஸ் ஏறிய அன்றிலிருந்தே. வீடியோவில் வரச் சொன்னபோதெல்லாம் சிக்னல் இல்லை என்றேன். "துறைமுகத்தில வேலை செய்யிற ஆளுக்குச் சிக்னல் இல்லையோ?" என்று ஏசினீர். அந்த ஏச்சு எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

போன வருடம் இதே சோதனைக்குப் போகும் வழியில், அவளுக்கு வெறும் தடிமல் என்று கேட்டதும் ஹபரணையில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தீர். பிறகு புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டீர். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஏலாது.

"விளையாடுறன் அம்மா" என்று அவள் அனுப்பிய குரல்பதிவு, சேலைன் ஏறும் கையைப் பிடித்தபடி நான் சொல்லிக் கொடுத்தது. இன்று காலை கட்டிலில் எழுந்திருந்து கேட்டாள்: "அப்பா, இனி அம்மாட்ட நோகுது எண்டு சொல்லலாமோ?"

சொல்லலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள்.

கெதியாக வாரும்.

ஏச்சு வாங்கக் காத்திருக்கும்
உம்முடைய பொய்யன்