அவர் உன்னை விட்டாரா

இன்று காலை சபையில் ஞானஸ்நானம். தண்ணீரிலிருந்து ஏறிவந்த பெண்களுக்கு உடை மாற்ற நான்தான் உதவிக்கு நின்றேன். பிழிந்து போட்ட வெள்ளைச் சேலையிலிருந்து ஈரக் கஞ்சி வாடை எழுந்ததும் எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, ரட்சிப்பு ஒரு தடவ கெடச்சிட்டா அப்புறம் போவாதுல்ல?"

"பாஸ்டரக் கேளும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மணிமுத்தாற்றில் நீயும் நானும் ஒரே நாளில்தான் முழுகினோம். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. மணலைத் தோண்டிக் குழியாக்கி, அதில் நம்மைச் சாய்த்தார்கள். மூக்கில் தண்ணீர் ஏறி நீ இருமி இருமிச் சிரித்தாய். மறுநாள் நாம் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியில் வண்ணம் தீட்டும் இடத்தில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாய்: "எங்க வூட்ல என்னா திட்டினாலும் சரி, இனிமே என்ன அவருகிட்டருந்து யாரும் பிரிக்க முடியாது." அப்போது உன் கையில் இருந்தது ஒரு பிள்ளையார் பொம்மை. அதற்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாய். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய்.

உன் மகன் காய்ச்சலில் படுத்தபோது சபையே உபவாசம் இருந்தது. பிழைத்துக்கொள்வான் என்று எல்லோரும் சொன்னோம். பிழைக்கவில்லை. அதன் பிறகு நீ சபைக்கு வரவில்லை. பல மாதம் கழித்து உன்னை அழைத்துப் போக வந்தேன். டீ போட்டுக் கொடுத்தாய். நான் குடித்து முடித்ததும் சொன்னாய்:

"நான் அவர விட்டுட்டன்டி. அவரு என்ன விட்டாரான்னு எனக்குத் தெரியாது."

பிறகு உனக்கே நோய் வந்தது. கடைசியாக உன்னைப் பார்த்தபோது உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவ, இயேசப்பான்னு சொல்லிடுடி."

"உன் பயத்துக்காகச் சொல்லணுமா? அவருகிட்ட நான் நடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

உன்னை அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டபோது பாஸ்டர் தயங்கினார். "முடிவு வரைக்கும் நெலச்சி நிக்கணும்மா. பாதியில விட்டவங்களப் பத்தி நான் என்ன சொல்ல?" திட்டக்குடியிலிருந்து வந்திருந்த வயதான சபை ஊழியர் குறுக்கிட்டார். "ரட்சிக்கப்பட்டவங்க கெட்டுப்போவ மாட்டாங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "இந்தப் பொண்ணு விட்டுட்டான்னா, மொதல்லருந்தே நம்பலன்னுதான் அர்த்தம்."

"அவ நம்புனத நான் பக்கத்துல நின்னு பாத்தங்கய்யா!" என்று கத்திவிட்டேன். இழவு வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பாஸ்டர் இடம் தந்தார். ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு என்னைப் பற்றியே பயம். உனக்கு இருந்த நம்பிக்கையில் பாதிகூட எனக்கு இருந்ததில்லை. உன்னைவிட்டே அது போகும் என்றால், என்னிடம் எப்படி நிற்கும்? என் பேரனுக்கு உடம்பு சுட்டால்கூட முதலில் அந்த நினைப்புதான் வருகிறது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, கையில் காய்கறிப் பை. உன்னைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"வெங்காயம் உரிக்கறப்ப யார்கூடயோ சண்ட போட்டுக்கிட்டே இருக்கும்மா. எம்புள்ளய ஏன் எடுத்த, பதில் சொல்லுன்னு. யாருகிட்டப் பேசறன்னு கேட்டா, 'உனக்குத் தெரியாத ஆளு'ன்னும். படுக்கையில கெடந்தப்பகூட அந்தச் சண்ட ஓயல."

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

விட்டுவிட்ட ஒருவரிடம் யாராவது தினமும் சண்டை போடுவார்களா? அதுவும் ஜெபத்தில் சேருமா? பாஸ்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

இறந்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்பது நம் சபையின் போதனை. நான் அதை மீறவில்லை. வீட்டு ஜெபத்தில் எல்லோருக்காகவும் கேட்டு முடித்தபின் உன் பெயரை மட்டும் ஒரு தடவை சொல்கிறேன். எதுவும் கேட்பதில்லை. சொல்லிவிட்டு, ஆமென் சொல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன்.